எந்தப் பூட்டைச் சொல்கிறீர்கள்? – மொழி: கேள்வி பதில்

'நேற்று வாங்கிய விளக்கு', 'மாடியில் இருக்கும் அறை' போன்ற விவரணைத் தொடர்கள் பல பொருள்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் எப்படிச் சுட்டுகின்றன? இதைத் தொட்டு வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஆங்கிலத்தில் 'தி' போட்டால் குறிப்பிட்ட பொருள், 'எ' போட்டால் ஏதோ ஒன்று. தமிழில் அப்படிச் சொற்களே இல்லையே. நாம் எதை வைத்துப் புரிந்துகொள்கிறோம்? – கல்லூரி மாணவி

அதற்கென்று தனிச்சொல் இல்லை என்பது சரி. ஆனால் அந்த வேலையை வேறு உறுப்புகள் பகிர்ந்து செய்கின்றன. முதன்மையானது இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ'. 'விளக்கு வாங்கினேன்' என்றால் எந்த விளக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. 'விளக்கை வாங்கினேன்' என்றால் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் முன்பே தெரிந்த விளக்கு. 'ஒரு விளக்கை வாங்கினேன்' இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கேட்பவருக்கு அது புதிது, சொல்பவர் மனத்தில் மட்டும் குறிப்பிட்ட ஒன்று இருக்கிறது. அந்த விளக்கைப் பற்றி இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று கேட்பவர் காத்திருப்பார்.

இந்தச் சோதனை அஃறிணைக்குத்தான் செல்லும். உயர்திணையில் உருபை விட முடியாது என்பதால் 'மருத்துவரைத் தேடுகிறேன்' இரண்டுக்கும் பொதுவாகிவிடுகிறது. 'ஒரு மருத்துவரை' என்றாலும் சிக்கல் தீராது. யாரானாலும் சரி என்றால் 'யாராவது ஒரு மருத்துவரை' என்று எழுதுங்கள். மனத்தில் ஒருவர் இருந்தால் 'மருத்துவர் ஒருவரை' என்பது அந்தப் பக்கம் சாயும்.

எழுவாய்க்கு உருபு கிடையாது. அங்கே சொல் வரிசை பேசும். 'மேசைமேல் விளக்கு இருக்கிறது' என்பது விளக்கைப் புதிதாக அறிமுகப்படுத்துகிறது. 'விளக்கு மேசைமேல் இருக்கிறது' என்பது தெரிந்த விளக்குக்கு இடம் சொல்கிறது.

மொழிபெயர்ப்புகளில் 'தி' வரும் இடமெல்லாம் 'அந்த' போடும் பழக்கம் இருக்கிறது. 'அந்தச் சூரியன் மறைந்தது' என்று படிக்கும்போது உறுத்துவதற்குக் காரணம் உண்டு. 'அந்த' என்ற சுட்டு வந்தாலே பலவற்றில் ஒன்று என்ற எண்ணம் கூடவே வந்துவிடும்.

'களைத்த பயணிகள் உறங்கிவிட்டனர்.' எல்லாப் பயணிகளுமா, களைத்தவர்கள் மட்டுமா? ஆங்கிலத்தில் காற்புள்ளி வைத்துப் பிரித்துவிடலாம். தமிழில் என்ன செய்வது? – மொழிபெயர்ப்பாளர்

இந்தக் கேள்விக்குத் தொல்காப்பியத்திலேயே இடம் இருக்கிறது. சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் வரும் நூற்பா: 'இனச்சுட்டு இல்லாப் பண்புகொள் பெயர்க்கொடை வழக்காறு அல்ல, செய்யுள் ஆறே.' தாமரையில் வெண்மையும் உண்டு, செம்மையும் உண்டு. ஆகவே 'செந்தாமரை' என்னும்போது 'செம்' என்ற அடை வெண்டாமரையை விலக்குகிறது. 'செஞ்ஞாயிறு' என்பதில் அது எதையும் விலக்கவில்லை, வேறு நிறத்து ஞாயிறு கிடையாது. இப்படி இனத்தைச் சுட்டிப் பிரிக்காத அடை செய்யுளுக்கு ஆகும், பேச்சு வழக்குக்கு ஆகாது என்பது தொல்காப்பியரின் விதி. பின்னால் வந்த நன்னூல் இனமுள்ள அடை, இனமில்லா அடை இரண்டுமே இரு வழக்கிலும் வரும் என்று தளர்த்திவிட்டது.

தொல்காப்பியர் போட்ட தடை இன்றைய உரைநடையில் எடுபடாது. அதன் அடியில் இருக்கும் சோதனை மட்டும் இன்றைக்கும் பொன்: இந்த அடை எதை விலக்குகிறது?

உங்கள் வாக்கியத்தில் அந்தக் கேள்விக்கு இரண்டு விடை வருகிறது. பெயரெச்சத்துக்கும் பெயருக்கும் நடுவே காற்புள்ளி வைத்தால் தீராது. தமிழில் அந்த இடத்துக் காற்புள்ளிக்குப் பொருள் வேறுபாடு கிடையாது. வாக்கியத்தையே மாற்ற வேண்டும். விலக்க வேண்டுமானால் 'பயணிகளில் களைத்தவர்கள் உறங்கிவிட்டனர்'. விலக்க வேண்டாமென்றால் அடையைப் பெயரிடமிருந்து பிரித்து வினையிடம் கொடுங்கள்: 'பயணிகள் களைப்பில் உறங்கிவிட்டனர்.' இந்த இரண்டாவது வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வினையெச்சமோ வினையடையோ ஆனதும் விலக்கும் பொருள் தானாகவே போய்விடும்.

கதையில் இது நடைச் சிக்கல். எச்சரிக்கைப் பலகையில் ஆபத்து. 'உயிருக்கு ஆபத்தான மின்கம்பிகளைத் தொடாதீர்கள்' என்று எழுதினால், ஆபத்தில்லாத கம்பிகளைத் தொடலாம் என்ற வாசிப்புக்கு வழி திறந்திருக்கிறது. ஏவல் வாக்கியத்தில் அடை வந்தால் படிப்பவர் அதை விலக்கும் அடையாகத்தான் முதலில் எடுத்துக்கொள்வார். 'மின்கம்பிகளைத் தொடாதீர்கள். உயிருக்கு ஆபத்து' என்று இரண்டாக உடைத்தால் தீர்ந்தது.

இயற்பெயருக்கு முன் வரும் அடை பொதுவாக எதையும் விலக்காது. அதையும் மீறி 'உயரமான கண்ணன்' என்று ஒருவர் பிரித்துச் சொன்னால், அந்த வட்டாரத்தில் இன்னொரு கண்ணனும் இருக்கிறார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

'உடைந்த கதவின் பூட்டு' – உடைந்தது எது? – பிழை திருத்துநர்

இலக்கணப்படி இரண்டும் சரி. பூட்டுதான் உடைந்தது என்றால் அடையைப் பூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள்: 'கதவின் உடைந்த பூட்டு'. கதவு உடைந்தது என்றால் மூலத்தை அப்படியே விடுவது போதாது, ஐயம் அங்கேயே இருக்கும். 'உடைந்துபோன கதவில் இருந்த பூட்டு' என்று ஒரு வினையைக் குறுக்கே நிறுத்துங்கள். அப்படி நிறுத்தினால் முன்னாலுள்ள அடை பெரும்பாலும் அந்த வினையைத் தாண்டி ஓடாது.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. பெயரெச்சம் தான் தழுவும் பெயருக்கும் வினைக்கும் என்ன உறவு என்று வெளிப்படையாகச் சொல்வதில்லை. வெட்டிய ஆள், வெட்டிய கத்தி, வெட்டிய இடம், வெட்டிய நாள், வெட்டிய மரம்: ஐந்திலும் 'வெட்டிய' அதேதான். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என ஆறு வகைப் பெயர்களைப் பெயரெச்சம் ஏற்கும் என்று நன்னூல் கணக்கிடுகிறது. கத்தி தானாக வெட்டாது, மரம் எதையும் வெட்டாது என்ற உலக அறிவுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. செய்பவரும் செயப்படுபவரும் மனிதராக இருக்கும்போது அந்த உதவி கிடைக்காது. 'காப்பாற்றிய சிறுவன்' என்று தலைப்பு வைத்தால் சிறுவன் காப்பாற்றினானா, காப்பாற்றப்பட்டானா? 'காவலர் காப்பாற்றிய சிறுவன்', 'காவலரைக் காப்பாற்றிய சிறுவன்' – ஓர் 'ஐ' ஆளையே மாற்றுகிறது. எனவே மனிதர்கள் வரும் இடத்தில் பெயரெச்சத்துக்கு முன்னால் எழுவாயையோ செயப்படுபொருளையோ விடாமல் எழுதுங்கள்.

'பிரான்சின் இப்போதைய அரசர் வழுக்கைத் தலையர்' என்ற வாக்கியத்தைத் தத்துவப் பாடத்தில் விடாமல் அலசுகிறார்கள். அப்படி ஓர் அரசரே இல்லையே. இதில் என்ன இருக்கிறது? – முதுகலை மாணவர்

1905இல் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஒரு கட்டுரையில் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு இது. அப்போதும் பிரான்ஸ் குடியரசுதான். சுட்டப்படும் ஆளே இல்லாதபோது, ஆளைச் சுட்டுவதுபோல் நிற்கும் தொடருக்கு எங்கிருந்து பொருள் வருகிறது என்பது சிக்கல். ரஸ்ஸலின் விடை: அந்தத் தொடர் ஆளைச் சுட்டவே இல்லை. வாக்கியத்தைப் பிரித்தால் மூன்று கூற்றுகள் கிடைக்கும். பிரான்சுக்கு இப்போது அரசர் ஒருவராவது இருக்கிறார், ஒருவருக்கு மேல் இல்லை, எவர் அரசரோ அவர் வழுக்கைத் தலையர். முதல் கூற்றே பொய் என்பதால் முழு வாக்கியமும் பொய். பொருள் இருக்கிறது, உண்மை இல்லை.

இதன் பயன் மறுப்பு வாக்கியத்தில் தெரியும். 'பிரான்சின் இப்போதைய அரசர் வழுக்கைத் தலையர் அல்லர்' என்பதை எப்படி எடுப்பது? 'அப்படி ஒருவர் இருக்கிறார், அவருக்கு வழுக்கை இல்லை' என்றால் பொய். 'அப்படி ஒருவர் இருக்கிறார், அவருக்கு வழுக்கை' என்பதே சரியல்ல என்று மொத்தத்தையும் மறுத்தால் உண்மை. மறுப்பு எதுவரை பாய்கிறது என்பதுதான் கேள்வி. எதிரெதிரானவற்றை இணைத்துத் தொகுப்பதில் ஆர்வமுள்ள, தத்துவ அறிஞர் ஹெகலின் வழியினர், அரசர் பொய்முடி வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டுவார்கள் என்று ரஸ்ஸலே அந்தக் கட்டுரையில் கேலியும் செய்திருக்கிறார்.

1950இல் இன்னொரு தத்துவ அறிஞர் பி. எஃப். ஸ்ட்ராசன் இதை மறுத்தார். அரசர் இருக்கிறார் என்பதை அந்த வாக்கியம் கூறவில்லை, முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு பேசுகிறது. அந்த முன்அனுமானம் பொய்த்தால் 'உண்மையா பொய்யா' என்ற கேள்வியே எழாது என்றார். கூறுவதையும் முன்கூட்டியே ஏற்பதையும் பிரித்துப் பார்க்க எளிய சோதனை உண்டு. வாக்கியத்தை மறுத்துப் பாருங்கள், கேள்வியாக்கிப் பாருங்கள். 'பிரான்சின் அரசர் வழுக்கையா?' என்று கேட்டாலும் அரசர் இருக்கிறார் என்ற பகுதி அசையாமல் நிற்கிறதல்லவா? அப்படி நிற்பதுதான் முன்அனுமானம். 'பணத்தை ஒளித்து வைத்த இடம் எது?' என்று விசாரணையில் கேட்பவர் நம்பியிருப்பதும் இதைத்தான். இடத்தைச் சொன்னாலும், 'அந்த இடம் நினைவில்லை' என்றாலும் ஒளித்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். சரியான பதில் தொடரையே உடைப்பது: 'நான் பணத்தை ஒளிக்கவே இல்லை.'

ஆளில்லாத விவரணை பாடப்புத்தகத்தில் மட்டும் வருவதல்ல. யுரேனஸின் பாதையில் இருந்த பிசகுக்கு வேறொரு கோள் காரணம் என்று வானியலாளர் லெ வெரியே கணக்கிட்டார். 'யுரேனஸின் பாதையைக் குலைக்கும் கோள்' என்ற விவரணை மட்டுமே அப்போது கையில் இருந்தது. 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் வானியலாளர் கால்லே தொலைநோக்கியைத் திருப்பியபோது, கணித்த இடத்திலிருந்து 1 பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. அதே லெ வெரியே புதனின் பாதையில் இருந்த பிசகுக்கும் அதே வழியில் காரணம் தேடினார். சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே ஒரு கோள் இருக்க வேண்டும் என்று 1859இல் சொன்னார், அதற்கு வல்கன் என்று பெயரும் வந்தது. பலர் பல ஆண்டுகள் தேடினார்கள், கோள் இல்லை. நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையின் 3,600இல் ஒரு பங்கு) வரும் அந்தப் பிசகை 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் விளக்கியது. இரண்டு தொடர்களும் அமைப்பில் ஒன்றே. ஒன்றுக்குக் கோள் கிடைத்தது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை. தேடியவர்கள் உளறிக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த இடத்தில் ரஸ்ஸல் கை ஓங்குகிறது. அன்றாட உரையாடலுக்கு ஸ்ட்ராசன் சொன்னதே பொருத்தம் என்பது எங்கள் எண்ணம்.

விவரணை தவறாக இருந்தும் ஆள் சரியாகப் புரிந்துவிடுகிறதே, எப்படி? ஆவணங்களில் இது செல்லுமா? – ஆவண எழுத்தர்

தத்துவ அறிஞர் கீத் டானலன் 1966இல் இதைத்தான் எடுத்தார். விருந்தில் கோப்பையோடு நிற்பவரைக் காட்டி 'மார்ட்டினி குடிக்கிறவர் யார்?' என்று கேட்கிறோம். மார்ட்டினி ஒரு மது வகை. கோப்பையில் இருப்பது வெறும் தண்ணீர். ஆனாலும் யாரைக் கேட்டோம் என்று எதிரில் நிற்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. விவரணை இங்கே விரல் நீட்டும் கருவி மட்டுமே. இன்னொரு பயன்பாட்டில் விவரணையே எல்லாம். கொலை நடந்த இடத்தைப் பார்த்து, ஆள் யாரென்று தெரியாமலே 'இவரைக் கொன்றவன் மனநிலை பிறழ்ந்தவன்' என்கிறோம். இரண்டையும் பிரிக்க 'யாராக இருந்தாலும்' என்று சேர்த்துப் பாருங்கள். கொலை வாக்கியத்தில் இயல்பாக ஒட்டும், விருந்து வாக்கியத்தில் ஒட்டாது. சொல்லின் பொருள் ஒன்று, சொல்பவர் கருதியது வேறொன்று என்று பிரித்தாலே டானலனின் எடுத்துக்காட்டுகள் விளங்கிவிடும் என்று தத்துவ அறிஞர் சால் கிரிப்கி 1977இல் பதில் சொன்னார்.

ஆவணத்தில் எதிரே ஆள் நிற்பதில்லை. விரலும் கண்ணும் செய்த வேலை முழுக்கச் சொற்களின் தலையில் விழுகிறது. பொருள் இன்னதென்று வேறு வகையில் தெளிவாகத் தெரிந்தால் விவரணையில் உள்ள பிழை ஆவணத்தைக் கெடுக்காது என்று இலத்தீன் வழியாக வந்த பழைய சட்ட விதி ஒன்று உண்டு. அதை நம்பி எழுதக் கூடாது. அது தகராறு வந்தபின் பயன்படுவது. இரண்டு விவரணைகள் கொடுத்தால், அவை முரண்படும்போது எது செல்லும் என்று எழுதிவிடுங்கள். 'வரைபடத்தில் 7 என எண்ணிட்ட மனை, பரப்பளவு தோராயமானது' என்பதில் எண் ஆளுகிறது, அளவு துணை நிற்கிறது. ஒன்றோடொன்று இடிக்கக்கூடிய மூன்று நான்கு விவரணைகளை அடுக்குவது பாதுகாப்பு அல்ல, ஒவ்வொன்றும் தவறுவதற்கு ஒரு கூடுதல் வாய்ப்பு.

அமைப்பு விதிகளில் காலம் உதைக்கும். 'தலைவர் கையெழுத்திட வேண்டும்' என்றால் இன்றைய தலைவரா, கையெழுத்துப் போடும் நாளில் இருப்பவரா? பதவியைக் கருதினால் 'அந்தந்தக் காலத்தில் பதவியில் இருக்கும் தலைவர்' என்று எழுதுங்கள். ஆளைக் கருதினால் பெயரை எழுதுங்கள். 'இப்போதைய தலைவர்' என்பதில் 'இப்போது' எந்த நாள் என்பதற்கே தனித் தகராறு வரும்.

'உலகின் மிக உயரமான மலை எது?' என்ற வினாடி வினாக் கேள்விக்கு ஆட்சேபம் வந்தது. விடை ஒன்றுதானே? – வினா தொகுப்பவர்

'மிக' வந்தால் ஒன்றுதான் இருக்கும் என்பது சரி. எதை வைத்து அளப்பது என்பதைத் தொடர் சொல்லவில்லை. கடல் மட்டத்திலிருந்து என்றால் எவரெஸ்ட், 8,848.86 மீட்டர். அடியிலிருந்து உச்சி வரை என்றால் ஹவாயின் மவுனா கியா, கடலடியிலிருந்து அளந்தால் 10,000 மீட்டருக்கு மேல். பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவிலுள்ள உச்சி என்றால் எக்வடாரின் சிம்பராசோ, கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 6,263 மீட்டர்தான். அளவுகோலைக் கேள்விக்குள்ளேயே எழுதுங்கள். தேதியையும் சேர்க்க வேண்டிய இடங்கள் உண்டு: 'சூரியனின் கோள்களின் எண்ணிக்கை' என்ற தொடர், புளூட்டோ கோள் பட்டியலிலிருந்து நீங்கிய 2006 வரை 9ஐக் குறித்தது, இப்போது 8ஐக் குறிக்கிறது.

மரங்கொத்தி என்பது விவரணையா, பெயரா? – ஆசிரியர்

விவரணையாகப் பிறந்து பெயராகிவிட்டது. நம் இலக்கணம் இதைக் காரணச் சிறப்புப்பெயர் என்கிறது. மரத்தைக் கொத்தும் பொருள்களை எல்லாம் அது குறிக்காது, கோடரி மரங்கொத்தி ஆகாது. கூண்டிலேயே வளர்ந்து ஒருநாளும் மரத்தைக் கொத்தாத பறவையும் மரங்கொத்திதான். விவரணை என்றால் அந்தப் பண்பு இல்லாதபோது கையை விட்டுவிடும், பெயர் விடாது. கிரிப்கி 1970இல் ஆற்றிய உரைகளில் இயற்பெயர்களைப் பற்றி வாதிட்டதும் இதையே: பெயர் ஒரு விவரணையின் சுருக்கம் அல்ல.

விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே வெள்ளிக் கோள். ஆனாலும் 'விடிவெள்ளியே அந்திவெள்ளி' என்பது செய்தி, 'விடிவெள்ளியே விடிவெள்ளி' என்பது செய்தி அல்ல. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் தத்துவ அறிஞர் ஃபிரேகே 1892இல் சுட்டப்படும் பொருளையும் அதைச் சுட்டும் விதத்தையும் பிரித்தார்.

படத்தில் உள்ள பொருள்களில் ஒன்றைக் கணினி நிரல் தானே விவரித்துக் காட்ட வேண்டும். எத்தனை அடைமொழி போடுவது? – மென்பொருள் துறையினர்

கணினி மொழியியல் ஆய்வாளர்கள் டேலும் ரைட்டரும் 1995இல் கொடுத்த படிமுறை இன்றும் நல்ல தொடக்கம். இலக்கைத் தவிர அங்கே இருக்கும் மற்ற பொருள்களைப் 'போட்டிப் பொருள்கள்' என்று பட்டியலிடுங்கள். பண்புகளுக்கு ஒரு நிலையான வரிசை வையுங்கள். ஒவ்வொரு பண்பாக எடுங்கள். அது ஒரு போட்டிப் பொருளையாவது விலக்கினால் சேருங்கள், இல்லையென்றால் தள்ளுங்கள். போட்டி தீர்ந்ததும் நிறுத்துங்கள். வகைப்பெயர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

இலக்கு சிறிய, சிவப்பு, மூடிய பெட்டி என்று கொள்வோம். போட்டியில் பெரிய சிவப்பு மூடிய பெட்டி, சிறிய நீல மூடிய பெட்டி, பெரிய நீலத் திறந்த பெட்டி, சிறிய சிவப்புக் குவளை. வரிசை வகை, நிறம், அளவு, மூடி. 'பெட்டி' குவளையை விலக்கும். 'சிவப்பு' நீலம் இரண்டையும் விலக்கும். 'சிறிய' மிச்சத்தை விலக்கும். விடை: 'சிறிய சிவப்புப் பெட்டி'. வரிசையில் மூடியை நிறத்துக்கு முன்னால் வைத்தால் 'மூடிய' திறந்த பெட்டியை விலக்கிச் சேர்ந்துகொள்ளும். பின்னால் வரும் 'சிவப்பு' அதே வேலையைச் செய்துவிடுவதால் 'மூடிய' வீண். படிமுறை திரும்பிப் போய் அதை நீக்காது, தெரிந்தே அப்படி வைத்திருக்கிறார்கள். மிகச் சுருக்கமான விவரணையைத் தேடுவது கணினிக்குப் பொருள்கள் கூடக்கூட மிகக் கனமான வேலை. மனிதர்களும் தேவையில்லாத நிறத்தைச் சொல்லிக்கொண்டுதான் பேசுகிறார்கள். தேர்வு செய்த வரிசையிலேயே அச்சிட்டுவிடாதீர்கள். தமிழில் அளவு முன்னால், நிறம் பெயரை ஒட்டி.

சிக்கல் வரும் இடம் உறவுகள். 'குவளை இருக்கும் மேசை' எது என்றால் 'மேசைமேல் இருக்கும் குவளை உள்ள மேசை' என்று நிரல் சுற்றத் தொடங்கும். ஒருமுறை பயன்படுத்திய உறவைத் திரும்ப எடுக்கத் தடை போடுங்கள். இன்னொரு பழைய புதிர்: இரண்டு தொப்பிகள், மூன்று முயல்கள், ஒரு முயல் மட்டும் ஒரு தொப்பிக்குள். 'தொப்பிக்குள் இருக்கும் முயல்' என்றால் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் தொப்பியும் ஒன்றல்ல, முயலும் ஒன்றல்ல. முதலில் தொப்பியை முடிவுசெய், பிறகு முயலைத் தேடு என்று எழுதிய நிரல் இங்கே தோற்கும். இரண்டையும் சேர்த்தே தேட வேண்டும்.

'மேலாளர் கணக்காளரிடம் அவருடைய கோப்பைக் கேட்டார்.' யாருடைய கோப்பு? – அலுவலக ஊழியர்

மேலாளருடையது என்றால் 'தன்னுடைய கோப்பை' என்று எழுதுங்கள், 'தன்' எழுவாயோடு ஒட்டும். கணக்காளருடையது என்றால் 'கணக்காளரிடம் உள்ள அவரது கோப்பு' என்று சுற்றாமல் 'கணக்காளரின் கோப்பை மேலாளர் அவரிடமே கேட்டார்' என்று திருப்பிப் போடுங்கள். இயற்பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வந்தால் உரைநடையில் இயற்பெயரை முதலில் சொல்ல வேண்டும் என்று கிளவியாக்கத்திலேயே விதி இருக்கிறது. மூன்றாவதாக ஒருவர் வாக்கியத்துக்குள் வந்தால் 'அவரை' விட்டுவிட்டுப் பதவிப்பெயரையே திரும்ப எழுதுங்கள்.